குளிப்பவருக்கு ஒரு சட்டை

போன வாரம் ஹரிணி போன் செய்தாள். குரோம்பேட்டை கலர் லேபில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்காருகிறவள் அவள்.

“அக்கா, ஒரு பையன் கவுன்டர்ல நின்னு சண்டை போடுறான். ஆர்ட் காலேஜ் பையன். அவன் தங்கச்சி அழுவுறத வீடியோ எடுத்து வெச்சிருக்கான். அதுலேர்ந்து படம் பிரிச்சு பெருசா பிரின்ட் வேணுமாம். தங்கச்சிய கூட்டிட்டு வந்து டெஸ்ட் பிரின்ட்ட காட்டுப்பா, அப்புறம் போடலாம்னேன். ‘என் தங்கச்சி, என் கேமரா, உங்களுக்கு என்ன’ங்கறான். லேப் ரூல்னு சொன்னா, எங்க எழுதியிருக்கு காட்டுங்கறான். எங்கயும் எழுதலயே அக்கா.”

“அந்த நாற்காலியைக் காட்டு” என்றேன்.

“காட்டினேன். பிளாஸ்டிக் சேர்தானேங்கறான்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அது பிளாஸ்டிக் நாற்காலிதான். ஜன்னலுக்குப் பக்கத்தில், டெஸ்ட் பிரின்ட் குத்தி வைக்கும் பலகையைப் பார்த்தபடி போட்டிருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று போனில் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. எழுதச் சொன்னால் எழுதுவேன். ஹரிணியும் அவளோடு வேலை செய்கிற பிள்ளைகளும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தப் பையனும் படித்தால் நல்லது.

நான் பீர்க்கன்கரணைக்காரி. பன்னிரண்டாவது முடித்ததும் பெருங்களத்தூரில் ரயிலேறி குரோம்பேட்டையில் இறங்கி இந்த லேபில் சேர்ந்தேன். முதலில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போடுகிற வேலை. பிறகு பிலிம் கழுவும் மெஷின். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முகம் திருத்துவதும் நிறம் பார்ப்பதும் என் பொறுப்பாயின. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலை பின்னறையில். வருகிறவர்களின் முகத்தைத் திரையில் பார்த்தால் போதும், நேரில் பார்த்துப் பேச வேண்டியதில்லை. என் சுபாவத்துக்கு அது பொருந்தியது. வேலையை நான் நன்றாகவே செய்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

வேலையை விட்டதும் நானாகத்தான். ஒரு கண்ணில் புரை எடுத்த பிறகு, அந்தக் கண்ணுக்கு ஒரு வெள்ளையும் மற்றக் கண்ணுக்கு வேறொரு வெள்ளையும் தெரிந்தது. இன்னொரு கண்ணையும் சரிசெய்துகொண்டு வா என்றார்கள். ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால் நிறம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

லேபின் முதலாளி ஜெயசீலன் சார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. யார் மேலாவது கோபம் வந்தால் டீ வாங்கி வரச் சொல்வார். கோபம் யார் மேலோ அவருக்கு முதல் கிளாஸ் போகும். அதனால் லேபில் முதல் கிளாஸ் டீயை யாரும் விரும்பிக் குடித்ததில்லை.

பெரிய படம் எதையும் அவர் உடனே போட விடமாட்டார். முதலில் சின்னதாக ஒரு முழுப் படம், கூடவே முகம் வரும் பகுதி மட்டும் நிஜ அளவில் ஒரு துண்டு. இரண்டையும் பலகையில் குத்தி வைக்க வேண்டும். “படம் தூங்கி எழுந்திரிக்கட்டும்” என்பார். மை காய்ந்து நிறம் நிலைப்பதற்கு நேரம் வேண்டும். டியூப்லைட்டில் சரியாகத் தெரிவது காலை வெளிச்சத்தில் வேறு மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு, பலகைக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு சட்டென்று திரும்புவார். அந்த முதல் பார்வையில் கண் முகத்துக்குப் போக வேண்டும். வேறெங்காவது போனால், “பத்மா, முகம் எங்க போச்சு?” என்று மட்டும் கேட்பார். நான் போய்த் தேடுவேன். பெரும்பாலும் பின்னால் ஏதாவது ஒரு மஞ்சள் வாளியோ சிவப்புத் துண்டோ கண்ணை இழுத்திருக்கும்.

எங்கள் கம்ப்யூட்டரில் ‘சட்டை’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் டி-ஷர்ட்டில் வருவார்கள். இறந்தவர் படத்தைப் பெரிதாக்கக் கொண்டு வருகிறவர்களிடம் பனியன் போட்ட படம்தான் இருக்கும். அவர்களுக்கெல்லாம் அந்த ஃபோல்டரிலிருந்து ஒரு சட்டை எடுத்துப் போட்டுவிடுவோம். வெள்ளை, கட்டம், கோடு, கோட்டும் டையும். எல்லாம் ஜெயசீலன் சாரின் சொந்தச் சட்டைகள். தானே போட்டுக்கொண்டு தன் கழுத்துக்குக் கீழே படம் எடுத்து வைத்தவை. அதனால் இந்தப் பக்கத்து ஆண்களில் பல பேர் வெளிநாடு போனதும் மேலோகம் போனதும் அவர் சட்டையில்தான். ஜிஎஸ்டி சாலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தால், “என் நீலக் கோடு போவுது பாரு” என்று மெதுவாகச் சொல்வார்.

மூடிய கண்ணைத் திறப்போம். கறுத்த முகத்தை வெளுப்போம். கல்யாண குரூப் போட்டோவில், கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்ட அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவோம். ஒரு பெண் அப்படிக் கேட்டபோது, அவள் தோளில் அப்பாவின் கை இருக்கிற மாதிரியே செய்துகொடுத்தேன். கைக்குக் கீழே புடவையில் லேசாக ஒரு மடிப்பும் நிழலும் போட்டேன். கை பாரமாக இருந்தால்தான் அது கை. அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குடும்பம் எப்படித் தெரிய விரும்புகிறதோ அப்படிக் காட்டுவது எங்கள் வேலை. பெனிட்டா வரும்வரை இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

பெனிட்டா அஸ்தினாபுரத்துப் பெண். முப்பது வயதைத் தாண்டியவள். ஒரு கல்லூரியில் டிசைன் பாடம் நடத்திக்கொண்டு, தன் அப்பா அம்மாவைத் தவிர வேறு யாரையும் படம் எடுக்காதவள். போட்டோவும் எடுப்பாள், வீடியோவும் எடுப்பாள். முதல் ஆர்டராக அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் செய்வதை நான் அதற்கும் செய்தேன். முகத்தை வெளுத்தேன். நெற்றிப் புள்ளிகளை அழித்தேன். பின்னால் கொடியில் தொங்கிய துணிகளையும் ஆணியில் மாட்டியிருந்த மாத்திரைப் பையையும் எடுத்துவிட்டுச் சுவரைச் சுத்தமாக்கினேன்.

அவள் பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா, நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா எங்க அப்பா எங்க?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடினாள். நான் புள்ளிகளைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மாத்திரைப் பையையும் ஆணியில் மாட்டினேன்.

பிறகு அவளுடைய மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் தூங்கும் அம்மா. தன் போலீஸ் யூனிஃபார்மைத் துவைக்கும் அண்ணன். டிவி வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அத்தை. இதையெல்லாம் யார் காசு கொடுத்துப் பெரிதாகப் போட்டு மாட்டுவார்கள் என்று முதலில் தோன்றியது. போடப்போட எனக்கே பிடித்துப்போனது. அதுவரை நான் பார்த்த குடும்பங்கள் எல்லாம் வரிசையில் நின்றவை. குடும்பங்கள் உட்காருவதையும் படுப்பதையும் சும்மா இருப்பதையும் இந்தப் பிள்ளைகளின் படங்களில்தான் பார்த்தேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

பெனிட்டாவின் அப்பா சாமுவேல் சார், இங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது கைப் பழக்கக்காரர். பக்கவாதம் வந்து அந்த இடது பக்கமே விழுந்துவிட்டது. வீட்டில் அவரைக் குளிப்பாட்டுவது அவர் மனைவி கிரேஸ் அம்மா. நகரத்தில் ஓர் அரங்கில் பெனிட்டாவின் முதல் தனிக் கண்காட்சி வந்தது. அதற்கு நடுநாயகமாக அவள் வைத்திருந்த படம் இதுதான்: குளியலறையில், ஸ்டூலில், இடுப்புத் துண்டோடு சாமுவேல் சார் உட்கார்ந்திருக்கிறார். முதுகில் சோப்பு நுரை. ஓரத்திலிருந்து நீளும் கிரேஸ் அம்மாவின் இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. அவருடைய விழுந்துபோன இடது கை தொடை மேல் கிடக்கிறது. அவர் நேராக கேமராவைப் பார்க்கிறார்.

வேலையாகப் பார்த்தால் கடினமான படம். குளியலறைச் சுவர் பச்சை. பகல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு ஈரமான தோலில் விழுந்து, மனிதரே பாசி பிடித்த மாதிரி இருந்தார். பச்சையை மொத்தமாகக் குறைத்தால் சுவர் செத்துப்போனது. ஜெயசீலன் சார் திரும்பிப் பார்த்துவிட்டு, “சுவர் பச்சையா இருக்கட்டும் பத்மா, மனுஷன் பச்சையா இருக்கக் கூடாது” என்றார். நெஞ்சிலும் முகத்திலும் மட்டும் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். சுவருக்குப் பக்கத்திலிருக்கும் தோளில் மட்டும் விட்டுவைத்தேன். அங்கே அது நியாயமாக விழுகிற பச்சை. மூன்றாவது டெஸ்டில் அவர் உயிரோடு வந்தார். அதைப் பலகையில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கவுன்டர் பெண் வராததால் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தார். பின்னால் ஒரு அம்மா. பெரியவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் தடி. பேங்க்கில் கொடுக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றார் அந்த அம்மா. நடந்து வந்த களைப்பில் பெரியவர், ஆட்கள் காத்திருக்கப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பலகை.

திரையில் அத்தனை நாள் பார்த்த முகம், நேரில் சட்டையோடு வந்ததும் எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

“ஏங்க, இது நம்ம வீட்டு பாத்ரூம்.”

சாமுவேல் சார் படத்தையே பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோ டிரைவர் முருகன் அவருடைய பழைய மாணவர். இரண்டடி முன்னால் போய்ப் படத்தைப் பார்த்தவர், என் பக்கம் திரும்பினார்.

“இன்னாக்கா இது, சாரை இப்டி மாட்டி வெச்சிக்கினு கீறீங்க? யாரக் கேட்டு மாட்டினீங்க?”

முருகன் திரும்பவும் படத்தைப் பார்த்தார். இந்த முறை குரல் இறங்கியது.

“இந்தக் கைதானே சார். இந்தக் கைல எவ்ளோ அடி வாங்கிக்கீறேன்.”

“கணக்குல நீ வாங்கின மார்க்கவிட ஜாஸ்தி” என்றார் சாமுவேல் சார். வாய் ஒரு பக்கமாக இழுத்தாலும் சொல் தெளிவாக இருந்தது.

“அத்த இன்னாத்துக்கு சார் இப்ப, அக்கா முன்னால.”

சாமுவேல் சார் என்னைப் பார்த்தார். “ஏம்மா, பாஸ்போர்ட் படத்துக்கெல்லாம் நீங்க சட்டை போட்டுத் தர்றீங்கள்ல? இதுக்கும் ஒண்ணு போட முடியுமா?”

“முடியும் சார்” என்றேன். அந்தக் கேள்விக்கு எங்கள் லேபில் வேறு பதிலே இருந்ததில்லை. உள்ளிருந்து வந்த ஜெயசீலன் சாரைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையசைத்துவிட்டு பெனிட்டாவுக்குப் போன் செய்யப் போனார்.

உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஜெயசீலன் சாரின் வெள்ளை அரைக்கைச் சட்டையை எடுத்தேன். சாமுவேல் சாரின் இடது தோள் தாழ்ந்திருந்ததால் சட்டையின் தோளையும் அதற்கேற்ப இறக்கினேன். காலரைக் கழுத்தில் உட்கார வைத்து நிழல் கொடுத்தேன். சுவரின் பச்சையை வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு விழவைத்தேன். கிரேஸ் அம்மாவின் விரல்கள் சட்டைக்கு மேலே வருமாறு ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். நல்ல வேலை அது. தைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

சின்னதாக ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பெனிட்டா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“டெய்லி நான் எடுக்கறத நீங்க பாக்கறீங்கப்பா. ஒரு நாளாவது வேணாம்னு சொன்னீங்களா?”

“எடுக்கறத வேணாம்னு சொல்லல. மாட்டப் போறேன்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

“கேமராலயே காட்டினேனே.”

“அதுல நான் கட்டைவிரல் அளவு இருந்தேன்.”

“அப்பா, இந்தப் படம் இல்லன்னா ஷோவே இல்ல. மத்த படமெல்லாம் இதச் சுத்தித்தான் நிக்குது. மூணு வருஷம் வேலைப்பா.”

“இந்த ஊர்ல நான் பட்டன் போடாம கேட்டத் தாண்டினதில்ல. என் பசங்க பாதிப் பேர் இங்கதான் இருக்காங்க. இதோ, ஆட்டோ ஓட்டிட்டு ஒருத்தன் நிக்கிறான்.”

முருகன் கூரையைப் பார்த்தார்.

நான் கொண்டுவந்த பிரின்ட்டைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் குத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். பெனிட்டாவின் முகம் சுருங்கியது. சாமுவேல் சார் தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். கிரேஸ் அம்மாவிடமிருந்து மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது, சட்டைக்கு மேல சோப்பு போட்டுக்கிட்டு இருக்கேன். குளிப்பாட்டுறேனா, துவைக்கிறேனா?”

“ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்மா” என்றார் முருகன்.

சாமுவேல் சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, தோள் இரண்டும் குலுங்கின. பெனிட்டா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

“சட்டையக் கழட்டிடும்மா” என்றார் அவர் என்னிடம்.

“அப்ப ஓகேவாப்பா?”

“சட்டை வேணாம்னுதான் சொன்னேன். மாட்டலாம்னு சொல்லல.”

பெனிட்டா அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, உங்க முகமும் சேர்ந்து வர்ற ஃபிரேம் ஒண்ணு இருக்கு. அதப் போட்டா அப்பா தனியா தெரிய மாட்டார். அதப் போடட்டுமா?”

“எது, நான் நைட்டியில நிக்கிறதா? உதை வாங்குவ. கை போதும். நீ கேமராவ எடுத்ததும் நானாத்தான் தள்ளி நின்னேன், நீ என்னை வெட்டினதா நெனச்சுக்காத.”

பெனிட்டா அம்மாவை வியப்போடு பார்த்தாள். தான் அமைத்த படம் என்று அவள் நினைத்திருந்ததில் பாதியை அம்மா அமைத்திருக்கிறார்.

ஜெயசீலன் சார் டீ வாங்கி வரச் சொன்னார். முதல் கிளாஸை பெனிட்டாவுக்குக் கொடுத்தார். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது, எனக்குத் தெரியும்.

“படம் தூங்கட்டும்மா. சாரும் தூங்கி எழுந்து நாளைக்குச் சொல்லட்டும்.”

“சார், நாளைக்குச் சாயங்காலம் ஃபிரேம் பண்றவங்க கைக்குப் போயாகணும்.”

“சார் சரின்னு சொன்னா மத்தியானத்துக்குள்ள போட்டுத் தரேன். வேணாம்னு சொன்னா இந்த லேப்ல இந்தப் படம் கிடையாது. வேற லேப்ல போட்டுக்கோ, அத நான் தடுக்க முடியாது.”

அவள் எங்களுக்கு நிறைய வேலை கொடுத்துக்கொண்டிருந்தவள். அவளுடைய மாணவர்களையும் சேர்த்தால், பெரிய பிரின்ட் போடும் மெஷினை வாங்கியதே அவர்களை நம்பித்தான். அது தெரிந்துதான் சொன்னார்.

மறுநாள் ஜன்னலைத் திறந்து, சட்டை போட்ட படத்தை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமாகப் பார்க்கிற வெளிச்சம் தாண்டிப் போய்விட்டது. அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். ஜெயசீலன் சார் கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

ஆட்டோ வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் பெனிட்டா.

“லேட்டுக்கு நான் இல்லக்கா” என்று முருகன் வாசலிலேயே சொன்னார். “சாரு ரெடியாவ டைம் ஆயிடுச்சு. அம்மாவ கிட்டவே சேக்கல.”

சாமுவேல் சார் வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார். நடுவில் ஒரு பட்டன் ஓட்டை மாறியிருந்தது; அதனால் காலரின் ஒரு பக்கம் ஏறி நின்றது. சரிசெய்யக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“எங்க வீட்டுப் பச்சை இதேதான்” என்றார்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். “மாட்டிக்கோ. ஆனா ஒண்ணு. குளிக்கிறதோட என்னை விட்டுட்ட. அதுக்கப்புறம் நான் சட்டை போடுறேன்ல? அத நீ ஒரு நாளும் எடுத்ததில்ல.”

“அது… ரொம்ப நேரம் ஆகும்பா. நீங்க கஷ்டப்படறத எடுக்க வேணாம்னுதான் வெளிய போயிடுவேன்.”

“குளிக்கிறப்ப நான் சும்மாதான் உக்காந்திருக்கேன், உங்கம்மாதான் வேலை செய்யுறா. அத எடுத்த. நான் வேலை செய்யுறப்ப எழுந்து போயிடுற. முழுசா எடு. நடுவுல வெட்டாத. ரெண்டையும் சேத்து மாட்டு.”

பெனிட்டா அவருடைய ஏறி நின்ற காலரைப் பார்த்தாள். பிறகு, “சரிப்பா” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “இத எவ்ளோ பெருசா போடப் போறீங்கம்மா?”

கைகளை விரித்துக் காட்டினேன்.

“கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா?”

அந்த அரங்கை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யோசித்துப் பதில் சொன்னேன். “தெரியாது சார்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க.”

லேபில் இருந்ததிலேயே அகலமான பேப்பர் ரோலை மாட்டினேன். படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. முந்தின நாள் பலகையில் தொங்கிய அதே படம்தான் மெஷினிலிருந்து மெதுவாக இறங்கியது. ஆனால் அதை மேஜையில் விரித்து ஓரம் வெட்டியபோது, முந்தின நாள் இல்லாத ஒரு நிம்மதி என் கையில் இருந்தது.

ரூல் வந்த கதை இதுதான், ஹரிணி. அதன் பிறகு ஜெயசீலன் சார் அந்த நாற்காலியை அந்த இடத்திலிருந்து எடுக்க விடவில்லை. வீட்டாரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: “படத்துல இருக்கறவங்க வந்து உக்காந்து பாத்தாச்சா?” சில பேர் கோபித்துக்கொண்டு வேறு லேபுக்குப் போனார்கள். போகட்டும். வந்து உட்கார்ந்தவர்களில் சிலர் வேண்டாம் என்றார்கள். அந்தப் படங்களை நாங்கள் போடவில்லை. ஒரு அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு மகனைக் கூட்டி வந்து காட்டினார். இத்தனை வருடத்தில் இந்த ரூலைத் தளர்த்தியிருக்கலாமோ என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தப் பையனிடம் சத்தம் போடாதே. டீ வாங்கிக் கொடு. அவன் தங்கச்சி வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்றும் சொல்லலாம். அவன் இதுவரை எடுக்கத் தோன்றாத ஒன்றை எடு என்றும் சொல்லலாம். எது என்று அவள் வந்து உட்காரும்வரை அவனுக்கும் தெரியாது.

கண்காட்சிக்கு நான் போனேன். அப்படிப்பட்ட இடத்துக்கு அதற்கு முன் போனதில்லை. யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று பின்சுவரை ஒட்டி நின்றேன். அங்கிருந்து எதிர்ச்சுவரில் சாமுவேல் சார் நன்றாகத் தெரிந்தார். சோப்பு நுரைகூடத் தெரிந்தது. அவர் கேட்ட அளவு சரியான அளவு.

பக்கத்துச் சுவரில் திரை. அதில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கிச் சட்டைக்குள் விடுகிறார். கீழிருந்து பட்டன் போட ஆரம்பிக்கிறார். ஒரு பட்டன் ஓட்டைக்குள் பாதி போய் வழுக்குகிறது. மறுபடி. ஓரத்திலிருந்து கிரேஸ் அம்மாவின் கை உள்ளே வருகிறது, அவர் வேண்டாம் என்று தலையசைக்கிறார், கை திரும்பிப் போகிறது. எங்கள் லேபில் ஒரு கிளிக்கில் வந்து உட்காருகிற சட்டை அது. ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வந்தவர்கள் போகவில்லை. என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் புடவைத் தலைப்பில் தானாக அசைந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கடைசியாகக் கழுத்துப் பட்டன். அது வரவே இல்லை. எனக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பார்த்தால் முருகன், காக்கிச் சட்டையோடு.

“வுடு சார், மேல் பட்டன்லாம் இப்ப எவன் சார் போடுறான்.”

திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாமுவேல் சார் திரும்பவில்லை. “முருகா, பேசாமப் பாரு” என்றார்.

முருகன் கையைக் கட்டிக்கொண்டார்.

பட்டன் உள்ளே போனது. திரையில் அவர் பையைத் தடவி, பேனா நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார், வகுப்பை முடிக்கிற வாத்தியார் பார்க்கிற மாதிரி.

“இப்ப நிறுத்திக்கோம்மா” என்றார். திரை அணைந்தது.